புலப்படாததைக் கண்டவர் ஏன் இரண்டு முறை உருட்டினார்? ஒரு விதிச் சிக்கலின் நிகழ்வு ஆய்வு

2023 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை மாலை. அசோக் நகரில் உள்ள என் வீட்டு உணவு மேசையைச் சுற்றி, பாத்திரம் ஏற்று ஆடும் ஒரு பகடை விளையாட்டுக்காக ஐந்து பேர் அமர்ந்திருந்தோம். மந்திரவாதி பாத்திரத்தை ஏற்றிருந்தவர் இருபது முகப் பகடையை உருட்டினார். அது முறுக்குத் தட்டில் மோதித் திரும்பி 15 என்று நின்றது. அவருடைய தாக்குதல் கூட்டெண் 7 என்பதால் மொத்தம் 22. எதிரியின் கவச எண், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 14. பட்டுவிட்டது என்ற நினைப்பில் சேதத்துக்கான பத்து முகப் பகடைகள் இரண்டையும் அவர் கையில் எடுத்துக்கொண்டார். "இன்னொரு தடவ உருட்டுங்க, டிஸ்அட்வான்டேஜ் இருக்கு" என்றேன். இரண்டாம் முறை விழுந்தது 4. இரண்டில் சிறியதைத்தான் எடுக்க வேண்டும்; 11 போதாது.

"அண்ணா, அது என் கண்ணுக்குத் தெரியுது. அதுக்குத்தானே ஸ்பெல்லே போட்டேன்?" என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கடைக்காரர் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால் எழும் திகைப்பு இருந்தது. அந்தக் கேள்வி அன்றைய ஆட்டத்தை நாற்பது நிமிடம் நிறுத்தியது. அதற்கு ஒழுங்கான விடை சொல்ல எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அவ்விடை சரியானதா என்பது இரண்டு மாதம் கழித்து வேறொரு திசையிலிருந்து சோதனைக்கு வந்தது. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட இவ்விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, அதாவது 2014-இல் வந்த விதிநூலை, நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். ஆடுவோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். உலகையும் எதிரிகளையும் நடத்தி, விதியில் ஐயம் வந்தால் தீர்ப்பும் சொல்பவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். அந்தப் பொறுப்பு என்னுடையது. பகடையை இரு முறை உருட்டிப் பெரியதை எடுப்பதையும் சிறியதை எடுப்பதையும் மேசையில் அட்வான்டேஜ், டிஸ்அட்வான்டேஜ் என்றே சொல்வோம். இக்கட்டுரையில் சாதகம், பாதகம் என்று எழுதுகிறேன். மற்றவர்களை அவர்கள் ஏற்ற பாத்திரத்தாலேயே குறிப்பிடுகிறேன்: மந்திரவாதி, வீரர், கள்வர், பூசகர். வீரரை ஆடுபவர் உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் இளம் வழக்கறிஞர் என்பதையும், நான் காப்பீட்டுத் துறையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்ப்பவன் என்பதையும் மட்டும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் வழக்கின் போக்கைப் பாதித்தன.

கதைக்களம் ஒரு கடலோரக் கோட்டை. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையை மனத்தில் வைத்து வரைந்தது. பெயரிலேயே ஒரு பலகை விளையாட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். அதன் கிடங்கில் நான் நிறுத்தியிருந்த காவல், விதிநூலில் இன்விசிபிள் ஸ்டாக்கர் எனப்படும் உயிர்: காற்றால் ஆனது, இயல்பிலேயே கண்ணுக்குப் புலப்படாதது, 104 உயிர்ப்புள்ளிகள் கொண்டது, ஒரு முறைக்கு இரண்டு அடி அடிக்கக்கூடியது. தூசியில் தடம் மட்டும் விழுவதைக் கண்டதும் மந்திரவாதி தமது இரண்டாம் நிலை மந்திர வாய்ப்புகள் மூன்றில் ஒன்றைச் செலவழித்து, புலப்படாதவற்றைக் காணும் மந்திரத்தைச் சொன்னார். ஒரு மணி நேரம் நீடிக்கும் மந்திரம் அது. சொன்னவருக்கு மட்டுமே பயன். மற்ற மூவருக்கும் அந்த உயிர் தெரியாது, அவர்கள் பாதகத்துடன் உருட்டுவதில் யாருக்கும் மறுப்பு இல்லை.

இனி விதி. புலப்படாத நிலையை 2014 நூல் இரண்டு கூறுகளாக வரையறுக்கிறது. முதற்கூறு, மாயத்தின் துணையோ சிறப்புப் புலனோ இன்றி அந்த உயிரைக் காண இயலாது என்றும், ஒளிந்துகொள்வதைப் பொறுத்தவரை அது முற்றும் மறைவான இடத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாம் கூறு, அந்த உயிரின் மீதான தாக்குதல்களுக்குப் பாதகமும், அது செய்யும் தாக்குதல்களுக்குச் சாதகமும் உண்டு என்று, எந்த நிபந்தனையும் இல்லாமல், தனியே நிற்கிறது. மந்திரத்தின் வாசகமோ, புலப்படாத உயிர்களையும் பொருள்களையும் புலப்படுவனபோல் காண்பாய் என்பது. ஆக, மந்திரம் முதற்கூற்றை வெல்கிறது என்பதில் ஐயமில்லை. இரண்டாம் கூற்றைத் தொடுகிறதா என்பதே வழக்கு.

வியப்பு என்னவென்றால், நான் சொன்ன தீர்ப்புக்கு ஆதரவாக முதலில் பேசியவர் வீரர்தான். அத்தீர்ப்பால் அவருடைய கூட்டாளிக்கே இழப்பு. தொழில் பழக்கம் விடவில்லை போலும். அவருடைய வாதம் இரண்டு படிகளில் வந்தது. இலக்கைக் காண முடியாதவர் பாதகத்துடன் தாக்க வேண்டும், தன்னைக் காணாதவரைத் தாக்குபவருக்குச் சாதகம் உண்டு என்ற பொதுவிதி அதே நூலின் போர் அத்தியாயத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருக்க, புலப்படாத நிலையின் இரண்டாம் கூறு காண முடியாமையின் விளைவை மட்டும் சொல்வதாக இருந்தால், அது வெறுமனே கூறியது கூறல். ஒரு வாசகத்துக்குத் தனிப் பயன் உண்டு என்று கொள்ள வழியிருக்கும்போது அதைப் பயனற்றதாக வாசிப்பது முறையன்று. எனவே காண்பவருக்கும் அது பொருந்தும். இரண்டாவதாக, ஃபேரி ஃபயர் என்னும் முதல் நிலை மந்திரத்தின் வாசகத்தை அவர் திறந்து காட்டினார். அதன் ஒளி பட்ட உயிர் புலப்படாமையால் வரும் நன்மையைப் பெற முடியாது என்று அங்கே வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நன்மையை நீக்க வேண்டும் என்று எண்ணிய இடத்தில் நூலாசிரியர்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள், இங்கே சொல்லவில்லை, ஆகவே நீக்கவில்லை.

இந்த இரண்டாம் வாதம் வலுவானது. அன்று எனக்கு அது போதுமானதாகவே தோன்றியது. விதி வடிவமைப்பில் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெரெமி கிராஃபர்டும் சொல்படியே கொள்ளும் பக்கம்தான் விளக்கம் அளித்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். நூலும் என் பக்கம், வடிவமைப்பாளரும் என் பக்கம், எதிர்க்கட்சி வழக்கறிஞரே என் பக்கம். அப்படியும் மேசையில் ஒருவருக்கும் அந்தத் தீர்ப்பு செரிக்கவில்லை.

கள்வரை ஆடிய கல்லூரி மாணவர், "அப்போ காத்துல ஒரு லேபிள் ஒட்டியிருக்கு, அதப் பாத்து கை நடுங்குதுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அபத்தமாக முடிகிறது என்பது மட்டுமே இந்த ஆட்டத்தில் போதிய வாதம் ஆகாது. இதே பதிப்பில் இருவர் அடர்ந்த மூடுபனிக்குள் நின்று ஒருவரையொருவர் காணாமல் வெட்டிக்கொண்டால், காணாததால் வரும் பாதகமும் காணப்படாததால் வரும் சாதகமும் ஒன்றையொன்று நீக்கிவிட, வெட்டவெளியில் நிற்பதுபோலவே இருவரும் ஒரு பகடை உருட்டுவார்கள். அதைப் பல மாதங்களாக முகம் சுளிக்காமல் ஆடிவந்தவர்கள் நாங்கள். சாதக பாதக முறை எளிமைக்காக உண்மைத்தன்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. அந்தப் பேரத்தைப் பிடித்த இடத்தில் ஏற்றுப் பிடிக்காத இடத்தில் மறுப்பது எளிது.

மந்திரமே வீணாகிவிடுகிறது என்ற மந்திரவாதியின் முறையீட்டிலும் சற்று மிகை உண்டு. என் வாசிப்பிலும் எதிரி எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அருகிலிருந்து அது விலகினால் வரும் வாய்ப்புத் தாக்குதல், காணக்கூடிய எதிரியின் மீது மட்டுமே செய்யத்தக்கது. அதை அவர் ஒருவரே செய்ய முடியும். காணும் உயிரை மட்டுமே இலக்காகக் கொள்ளும் மேஜிக் மிசைல் போன்ற மந்திரங்களும் அவருக்குக் கைகூடும்; அதில் தாக்குதல் உருட்டலே கிடையாது, மூன்று கணைகளும் தவறாமல் படும் என்பதால் இந்தச் சச்சரவுக்கே இடமில்லை. வீரர் இதைச் சுட்டிக்காட்டியபோது மந்திரவாதி தமது தாளைப் புரட்டிவிட்டு, "அத இன்னிக்கு பிரிப்பேர் பண்ணலயே. ஃபயர் போல்ட் அடிச்சா போதும்னு நெனச்சுதான் விட்டேன்" என்றார். அன்று அவர் உருட்டிய தாக்குதல் மந்திரம்தான் ஃபயர் போல்ட். அந்தப் பதிலின் எடை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைக்கச் செய்தவர் பூசகர். ஆங்கிலத்தைவிடத் தமிழில் வாசிப்பது அவருக்கு எளிது என்பதால், பொதுவாகப் பயன்படும் மந்திரங்களையும் நிலைகளையும் ஒரு கோடு போட்ட நோட்டில் தமிழில் சுருக்கி எழுதி மேசையில் வைத்திருந்தேன். ஓராண்டாக அந்த நோட்டு எல்லோருடைய கையிலும் புழங்கியது. வாக்குவாதம் முழுவதையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் நோட்டைத் திருப்பி என் முன்னால் நகர்த்தினார். என் கையெழுத்தில், நீல மையில், "புலப்படாதவை சொன்னவருக்கு ஒரு மணி நேரம் புலப்படும்" என்று இருந்தது.

மூலத்தில் "போல்" என்ற சொல் தாங்கியிருந்த ஐயம் முழுவதையும் நான் தமிழாக்கும்போதே விழுங்கிவிட்டேன். புலப்படுவனபோல் காண்பாய் என்றால், அந்த உவமை காண்பதோடு நிற்கிறது. உயிரின் நிலை மாறவில்லை என்று வாதிட இடம் உண்டு. புலப்படும் என்று எழுதினால், சொன்னவரைப் பொறுத்தவரை அந்த நிலையே இல்லை. ஐந்தாம் படிநிலையை எட்டியபோது மந்திரவாதி இந்த மந்திரத்தைத் தெரிந்தெடுத்தது நோட்டைப் பார்த்துத்தான். ஆங்கில நூலை அவர் புரட்டவே இல்லை; புரட்டத் தேவையில்லாதபடி செய்வதற்காகத்தான் நான் நோட்டையே எழுதினேன்.

அன்றிரவு இதையெல்லாம் ஓர்ந்து பார்க்க நேரமில்லை. தீர்ப்பை மாற்றாமல் ஆட்டத்தைத் தொடர்ந்தேன். மூன்றாம் சுற்றில் மந்திரவாதி வீழ்ந்தார். பூசகர் அவரை எழுப்பினார். எதிரி ஒருவழியாக அழிந்தது. பகடைகளைப் பைக்குள் போடும்போது வழக்கமான பேச்சு இல்லை.

கணக்கு

மறுநாள் அலுவலகம் போகும் வழியில் மெட்ரோவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபயர் போல்ட் 14 கவச எண்ணில் பட அவருக்குப் பகடையில் 7 அல்லது அதற்கு மேல் வேண்டும்: 70 விழுக்காடு. பாதகத்துடன் உருட்டினால் அது 49 ஆகிறது. மந்திரமே சொல்லாமல் குருட்டாம்போக்கில் அடித்திருந்தாலும், எதிரி நிற்கும் இடத்தைச் சரியாக ஊகித்தால், அதே 49-தான். தாக்குதலைப் பொறுத்தவரை மந்திரம் எதுவுமே தரவில்லை என்று அவர் உணர்ந்ததில் பிழையில்லை.

ஆனால் பெரிய சேதம் மறுபக்கம் இருந்தது. எதிரியின் கூட்டெண் 6, மந்திரவாதியின் கவச எண் 15. சாதாரணமாக 60 விழுக்காடு படும் அடி, சாதகத்தோடு 84 விழுக்காடு படும். ஓர் அடிக்குச் சராசரி 10 சேதம், சுற்றுக்கு இரண்டு அடி. ஆக, சுற்றுக்கு ஏறத்தாழ 12 இழக்க வேண்டியவர் 17 வரை இழந்துகொண்டிருந்தார். அவருடைய உயிர்ப்புள்ளிகள் 32. ஒரு முழுச் சுற்று உயிரோடு நிற்பதா வீழ்வதா என்ற வேறுபாடு அது. இந்தச் சாதக உருட்டல்களை நான் மறைப்புத் திரைக்குப் பின்னால் செய்ததால், தம்மைப் பாதித்த தீர்ப்பின் பெரிய பாதி நடந்துகொண்டிருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் வாதாடியதெல்லாம் சிறிய பாதிக்காக.

வாசிப்பும் அதன் எல்லையும்

இலக்கணம் படித்தவர்களுக்கு வீரரின் வாதம் பழக்கமான தடத்தில் போவது தெரிந்திருக்கும். தொல்காப்பியத்தின் மரபியல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது கூறியது கூறலையும், முரண்படச் சொல்லும் மாறுகொளக் கூறலையும், பொருள் ஐயுற நிற்கும் மயங்கக் கூறலையும் சேர்த்தே எண்ணுகிறது. எந்தக் குற்றத்தை ஆசிரியர் தலையில் ஏற்றுவது என்பதே உரைகாரனின் தேர்வு. வீரரின் வாசிப்பில் நூல் கூறியது கூறலிலிருந்து தப்புகிறது. ஆனால் காணாமையால் வரும் விளைவைக் காண்பவருக்கும் ஏற்றி, மாறுகொளக் கூறலில் விழுகிறது. மந்திரவாதியின் வாசிப்பில் முரண் இல்லை. பொதுவிதியில் சொன்னதை நிலையின் வரையறையில் கையடக்கமாக மறுபடி சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே. கண்ணிழந்த நிலைக்கான வரையறையும் இதேபோலப் பொதுவிதியை மறுபடி சொல்வதை வைத்துப் பார்த்தால், இந்த நூல் மீள்கூறலுக்கு அஞ்சுகிற நூல் அன்று என்று கொள்ளலாம். எனக்கு இப்போது இவ்வாசிப்பே மேலானதாகப் படுகிறது. ஆயினும் ஃபேரி ஃபயர் வாதத்துக்கு இது முழு விடை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதே மரபியல் முப்பத்திரண்டு உத்திகளைச் சொல்லும் இடத்தில் "பல்பொருட்கு ஏற்பின் நல்லது கோடல்" என்கிறது: ஒரு சொற்றொடர் பல பொருளுக்கு இடம் கொடுத்தால் நல்லதைக் கொள்க. நூலை உரைக்கும்போது நல்லது என்றால் நூலின் நோக்கத்துக்கு ஒத்தது. ஐந்து பேர் பகடையோடு உட்கார்ந்திருக்கும் மேசையில் நல்லது யாருக்கு நல்லது? கிராஃபர்டு 2015-இல் விதி விளக்கத்தின் அடிப்படையைப் பற்றி எழுதியபோது எழுதியபடி, எண்ணியபடி, களிக்கும்படி என மூன்று நோக்குகளைப் பிரித்துக் காட்டினார். உதவியான பிரிப்புதான். ஆனால் எங்கள் வழக்கில் எழுதியபடி பார்த்தால் ஐயம். எண்ணியபடி பார்த்தால் வடிவமைப்பாளரே சொல்படி கொள்ளச் சொல்கிறார். களிக்கும்படி பார்த்தால் நால்வர் ஒரு பக்கம். மூன்று நோக்குகளும் விதியின் பொருளைத்தான் கேட்கின்றன. மந்திரவாதியின் குறை பொருளைப் பற்றியதாக இல்லை.

அவருடைய குறை என்ன என்பது அலுவலகத்தில்தான் புரிந்தது. காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஒரு விலக்குப் பிரிவு இரண்டு பொருள் தரும்படி அமைந்திருந்தால், ஐயத்தின் பயன் காப்பீடு எடுத்தவருக்குச் செல்லும். வாசகத்தை எழுதியவர் அதன் மயக்கத்தால் ஆதாயம் அடையக் கூடாது என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் நெறி. விபத்து நடந்து, கோரிக்கை வந்த பிறகு, அலுவலர் மேசையில் இருந்து அந்தப் பிரிவைப் புதிதாக வாசித்துப் பொருள் சொல்லும்போது, அந்த வாசிப்பு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், பிரீமியம் கட்டியவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறார். நான் நாள்தோறும் அந்தக் கடிதங்களின் மறுமுனையில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்திருக்கிறேன். மந்திர வாய்ப்பு அவர் கட்டிய பிரீமியம். மேஜிக் மிசைலைத் தயார் செய்யாமல் விட்டது அவர் என் வாசகத்தை நம்பியதன் விலை. நோட்டில் வாசகத்தை எழுதியவன் நான். எது சரியான வாசிப்பு என்பது ஒருபுறம் இருக்க, விலை கொடுத்து வாங்கிய பிறகு பொருளின் அளவைக் குறைத்தேன். ஒருவேளை மந்திரம் சொல்வதற்கு முன் "இதுல டிஸ்அட்வான்டேஜ் போகாது, பரவாயில்லயா?" என்று கேட்டிருந்தால், அதே கடுமையான வாசிப்பை அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஏற்றிருப்பார்.

தீர்வை எழுதுதல்

அடுத்த ஆட்டம் டிசம்பர் 10 என்று இருந்தது. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை ஊரை மூழ்கடித்தது. மந்திரவாதி வேளச்சேரிவாசி, தரைத்தள வீடு, அவருடைய பகடைப் பையையும் பாத்திரத் தாளையும் விடப் பெரிய கவலைகள் அப்போது இருந்தன. டிசம்பர் 17 அன்றுதான் மறுபடி கூடினோம். பாத்திரத் தாள் ஈரத்தில் ஊறிக் காய்ந்து அப்பளம்போல் நெளிந்திருந்தது.

முதலில் திரைக்குப் பின்னால் உருட்டியதைச் சொன்னேன். பிறகு அன்றைய தீர்ப்பு அன்றைக்கே தவறு என்றேன்: நோட்டில் எழுதியதை நம்பிச் செலவழித்தவருக்கு அந்த இரவு நோட்டின் பொருள்தான் செல்லுபடியாகியிருக்க வேண்டும். முடிந்த சண்டையை மறுபடி ஆட முடியாது. செலவான மந்திர வாய்ப்பைத் திருப்பித் தருவதாகவும், வேண்டுமானால் அந்த மந்திரத்துக்குப் பதில் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அவர் இரண்டையும் வேண்டாம் என்றார். "ஸ்லாட் வேணாண்ணா. என்ன அடிக்கும்போது மட்டும் எல்லாரும் பாக்கற மாதிரி உருட்டுங்க, போதும்" என்றார். அன்றிலிருந்து தாக்குதல் பகடைகளை மேசையின் நடுவில்தான் உருட்டுகிறேன்.

அடுத்து, வருங்காலத்துக்கு எந்த வாசிப்பு என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. காண்பவருக்கு இரண்டாம் கூறு பொருந்தாது என்று நால்வரும் விரும்பினர், எனக்கும் மறுப்பில்லை. அதை எழுதுவதில்தான் அரை மணி போனது. "புலப்படாத உயிரைக் காண முடிந்தவருக்கு எதிராக அதற்குச் சாதகம் இல்லை" என்று எழுதினேன். காண முடிந்தவர் என்றால், இடையில் சுவர் இருந்தாலும் ஆற்றல் இருக்கிறதே என்று வாதிடலாம் என்றார் வீரர். அது செய்யும் தாக்குதல் அடங்கியது, அதன் மீது செய்யும் தாக்குதல் விட்டுப்போயிற்று என்றார் பூசகர். வழக்கின் தொடக்கமே அந்தப் பாதிதான் என்பதை நானே மறந்திருந்தேன். இறுதியில் நோட்டில் ஏறியது இது: "புலப்படாத உயிரை ஒருவர் எவ்வழியிலேனும் அக்கணத்தில் காண்பாராயின், அவ்விருவருக்கிடையிலான தாக்குதல்களில் புலப்படாமையால் வரும் சாதகமும் பாதகமும் இல்லை." ஐவரும் கையெழுத்திட்டோம். விளையாட்டுத்தான், ஆனாலும் இட்டோம்.

மறுபக்கத்திலிருந்து வந்த சோதனை

2024 பிப்ரவரியில் குழு ஒரு பாழ்கோயில் குளத்தை அடைந்தது. அங்கே காவல் இருந்தது கோட்டில் எனப்படும் சிறகு முளைத்த நாகம். மந்திரவாதி கள்வரைப் புலப்படாதவராக்கி அனுப்பினார். கள்வரின் சிறப்பாற்றலான மறைதாக்குதல், சாதகத்தோடு தாக்கும்போது மூன்று ஆறுமுகப் பகடைகள் அளவு கூடுதல் சேதம் தருவது. நாகத்தின் கவச எண் 19. சாதாரணமாக 45 விழுக்காடு, சாதகத்தோடு ஏறத்தாழ 70. கள்வர் இரண்டு பகடைகளைக் கையில் குலுக்கும்போது, "அது உன்னையே பாக்குது" என்றேன். கோட்டிலுக்கு 120 அடி வரை மெய்க்காட்சி உண்டு. புலப்படாதவை அதற்குத் தெரியும்.

கள்வர் ஒரு நொடி யோசித்தார். "இப்ப மட்டும் புக்ல இருக்கற மாதிரியே ஆடலாமேண்ணா. லேபிள் ஒட்டியிருந்தா அட்வான்டேஜ் உண்டுல்ல?" என்றார். மந்திரவாதி நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தார். தமது மந்திரம் வீணாகிறது என்று தெரிந்தே வாசித்தார்.

ஆனால் கள்வரின் கோரிக்கையைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. ஐயத்தின் பயன் எழுதியவனுக்கு எதிராகச் செல்ல வேண்டும் என்பதையே நிலையான நெறியாகக் கொண்டால், டிசம்பரில் மந்திரவாதிக்கு ஒரு பொருளும் பிப்ரவரியில் கள்வருக்கு நேர்மாறான பொருளும் அதே வாசகத்துக்குத் தர வேண்டியிருக்கும், எப்போதும் டி.எம். தோற்பார் என்பதைத் தவிர அதில் விதி என்று எதுவும் மிஞ்சாது. காப்பீட்டிலும் இந்த நெறி வாசகம் மயங்கும்போது மட்டுமே வரும்; தெளிவாக எழுதிக் கையெழுத்தான பிறகு இரு தரப்பும் எழுத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நவம்பரில் வாசகம் மயங்கியது. பிப்ரவரியில் மயங்கவில்லை.

அப்படியானால் கள்வரும் தெரியாமல்தானே செலவழித்தார் என்று பூசகர் கேட்டார், நல்ல கேள்வி. அவருக்குத் தெரியாமல் இருந்தது நாகத்தின் கண். அது ஆட்டத்துக்குள் இருக்கும் உண்மை; கேட்டோ ஆராய்ந்தோ அஞ்சியோ அறிந்திருக்கலாம், அறியாமல் போவதும் ஆட்டம்தான். மந்திரவாதிக்குத் தெரியாமல் இருந்தது விதி. அதை அறிய அவருடைய பாத்திரத்துக்கு எந்த வழியும் இல்லை. அது என் தலைக்குள் மட்டும் இருந்தது. எதிரியை மறைத்து வைக்க டி.எம்.முக்கு உரிமை உண்டு, எதிரி எந்த விதியில் ஆடுகிறது என்பதை மறைக்க உரிமை இல்லை என்ற இடத்தில் வீரரும் நானும் ஒத்துப்போனோம். கள்வர் ஒரு பகடை உருட்டினார். 17. சாதகம் இல்லாமலே பட்டது. மறைதாக்குதல் மட்டும் கிடைக்கவில்லை.

பின்னொட்டாக ஒன்று. 2024-இல் திருத்தி வெளியான விதிநூல், புலப்படாத நிலையின் வரையறையில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது: ஓர் உயிர் எப்படியேனும் உன்னைக் காண முடிந்தால், அதற்கு எதிராக இந்த நன்மை உனக்கு இல்லை. எங்கள் நோட்டு ஒன்பது மாதம் முந்திக்கொண்டது என்று கள்வர் மார்தட்டினார். வீரர் விடவில்லை. முன்பே அதுதான் பொருள் என்றால் ஏன் புதிதாகச் சேர்க்க வேண்டும், ஆகவே 2014 நூலுக்குத் தமது வாசிப்பே சரி என்றார். திருத்தம் பழைய பொருளைத் தெளிவாக்க வந்ததா, புதிய பொருளைப் புகுத்த வந்ததா என்பது சட்டத்திருத்தங்கள் பலவற்றிலும் எழும் பூசல்; திருத்தத்தின் வாசகத்தை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியாது. வடிவமைப்பாளரின் முந்தைய விளக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் வீரர் பக்கமே தராசு கொஞ்சம் சாய்கிறது என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். எங்கள் தீர்ப்பு அதனால் மாறவில்லை.

புதிய பதிப்புக்கு நாங்கள் மாறியபோது நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தேன். அதே பதிப்பில், மறைவிடத்தில் நின்று 15 என்ற இலக்கை எட்டி ஒளிந்துகொள்பவருக்கும் இப்போது புலப்படாத நிலை கிடைக்கிறது. எதிரி அவரைக் கண்டுபிடிக்கும்போது அது முடியும் என்கிறது நூல். ஒளிந்தவர் தூணுக்குப் பின்னாலிருந்து விளக்கு வெளிச்சத்துக்கு நடந்து வந்தால், எதிரி தலையைத் திருப்பிப் பார்ப்பதே கண்டுபிடித்தல் ஆகுமா, அல்லது தேடிப் பகடை உருட்ட வேண்டுமா? கள்வர் இதுவரை ஒளிந்ததில்லை. அடுத்த ஞாயிறு ஒளியப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த முறை அடுத்த பக்கத்தில் கேள்வியை முன்கூட்டியே எழுதி, கீழே ஐந்து கையெழுத்துக்கு இடம் விட்டு, குழுவுக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.